பட்டி பார்க்கிற வேலைக்கு சாஃப்ட்வேர் தேடி 26 ஆயிரம் போன வழி

ஆள் வளைகுடாவில், வீடு ஊரில், வீட்டில் ஒரு நாய், எங்கள் பேச்சில் பட்டி. குமரி மாவட்டத்தில் இந்தத் தொழில் ஓடுவதே இதனால்தான். பெரியவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்கள், கல்யாணத்துக்கு மூன்று நாள் போகிறவர்கள், கிறிஸ்துமஸ் கழித்து மறுபடி விமானம் ஏறுகிறவர்கள் என்று நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வரை ஆட்கள் கூப்பிடுவார்கள். தாக்கோலை, அதாவது சாவியை, கையில் தந்துவிட்டுப் போவார்கள். நாம் காலையும் மாலையும் போய்ச் சோறு வைத்து, நடத்திக் கூட்டி வந்து, ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் பத்து வீட்டைத் தாண்டியதும் எந்த வீட்டு நாய்க்குச் சாளை மீன் ஆகாது, எதற்கு மாத்திரை, எந்தத் தாக்கோல் எந்தக் கதவுக்கு என்பது தலையில் நிற்காது. அதை எழுதி வைக்க ஒரு சாஃப்ட்வேர் தேடியதில் ஒன்றரை வருடமும் 26,000 ரூபாயும் போயின. யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும்.

முதலில் இருந்தது 200 பக்க நோட்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே ஜூனிலும் மழை, அக்டோபர் நவம்பரிலும் மழை, பைக் பெட்டிக்குள் வைத்தாலும் மை கரையும். அதுகூடப் பரவாயில்லை, பால்பாயிண்டில் எழுதினால் போகும். நோட்டின் உண்மையான குறை, அது தானாக எதையும் ஞாபகப்படுத்தாது என்பதுதான். வெறிநாய்த் தடுப்பூசி முடிகிற தேதி 40-ஆம் பக்கத்தில் இருக்கும், நாம் 87-இல் நிற்போம். ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது நாய் வந்தால் அது வேறு பக்கம். மீதி எல்லாம் வாட்ஸப்பில். அதில் ஒரு வீட்டுக்காரர் தன் பக்கத்தில் ‘மறையும் மெசேஜ்’ வசதியை ஏழு நாளுக்குப் போட்டு வைத்திருந்தார். அவர் அனுப்பிய சாப்பாட்டுக் குறிப்பு எட்டாம் நாள் இல்லை. குறிப்பு எதுவானாலும் அன்றைக்கே வேறு இடத்தில் எடுத்து எழுதுங்கள். வாட்ஸப் பேசுவதற்கு, பதிவேட்டுக்கு அல்ல.

2023 ஆகஸ்டில் அமெரிக்க சாஃப்ட்வேர் ஒன்றுக்குப் பணம் கட்டினேன். நாய் பார்க்கிறவர்களுக்கென்றே செய்தது. நாயின் படம், நடந்த தூரம், வீட்டுக்காரருக்குத் தனி லாகின் எல்லாம் உண்டு, பார்க்க ஆசையாக இருந்தது. மாதம் 25 டாலர். அன்றைய விலையில் 2,075 ரூபாய். அதன்மேல் என் கார்டு வங்கி வெளிநாட்டுப் பணத்துக்கு எடுத்தது 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 2,160. விலைப் பக்கத்தில் டாலரைப் பார்த்து நாம் போடுகிற மனக்கணக்கில் இது வராது. இரண்டாம் மாதம் தானாகப் பணம் போகவில்லை. இங்கே 2021 அக்டோபரிலிருந்து, கார்டில் மாதாமாதம் தானாகப் பிடிக்க வேண்டுமென்றால் முன்கூட்டி ஓடிபி போட்டு அனுமதி பதிவாக வேண்டும், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவலும் வர வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனி அந்த ஏற்பாட்டில் இல்லையென்றால் வங்கி மறுத்துவிடும். எனக்கு மறுத்தது ஒரு சனிக்கிழமை. கணக்கு பூட்டிக்கொண்டது, உள்ளே ஏழு வீட்டு விவரம். அவர்கள் உதவி மையம் திறந்தது நம் நேரத்துக்குத் திங்கள் ராத்திரி. அந்த இரண்டு நாளும் பழைய நோட்டுதான் காப்பாற்றியது.

அடுத்தது நேரம். அமைப்புகளில் அந்த நாட்டு நேர மண்டலங்கள் மட்டுமே இருந்தன, இந்தியா இல்லை. கணக்குப் போட்டு ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். நியூயார்க்குக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், ஆகவே சாயங்காலம் ஆறு மணி வேலையைக் காலை எட்டரை என்று பதிந்தேன். மூன்று மாதம் சரியாக ஓடியது. நவம்பர் 5-ஆம் தேதி அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். வித்தியாசம் பத்தரை மணி நேரமானது, எல்லா நினைவூட்டலும் ஏழு மணிக்கு அடித்தது. நடைக்கு ஒரு மணி நேரம் தாமதமானால் நாய் கோபப்படும், அவ்வளவுதான். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற நாய்க்கு அப்படி இல்லை, அதற்குப் பன்னிரண்டு மணி நேர இடைவெளி பிசகக் கூடாது. நேர மண்டலப் பட்டியலில் கொல்கத்தா அல்லது ‘ஐந்தரை’ இல்லாத எந்த சாஃப்ட்வேரையும் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

மாத்திரை விஷயம் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியது. அந்த சாஃப்ட்வேரில் மருந்துக்கு இருந்தது இரண்டே கட்டம்: மருந்து உண்டா இல்லையா, குறிப்பு. பார்வதிபுரத்துப் பக்கம் ஒரு லாப்ரடாருக்கு வலிப்பு மாத்திரையான பினோபார்பிட்டோன். குறிப்பில் ‘காலை 1, இரவு 1’ என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரர் போகிற அன்று கடையில் 30 மில்லிகிராம் கிடைக்காமல் 60 வாங்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். கூட வேலை பார்க்கிற தக்கலைப் பையன் அட்டையைப் பார்த்து, “எண்ணே, அட்டை நிறம் மாறியிருக்கே, ஒண்ணு குடுக்கணுமா?” என்று போன் போட்டான். அவன் கேட்காமல் இருந்திருந்தால் இரட்டை அளவு போயிருக்கும். ஆகவே மருந்துக்குக் கட்டம் இப்படி வேண்டும்: மருந்தின் பெயர், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, மணி, சோற்றோடா வெறும் வயிற்றிலா, கடைசி வேளை யார் கொடுத்தது. எண்ணிக்கையை மட்டும் எழுதினால் அது குறிப்பே அல்ல.

சர்க்கரை நோய் உள்ள நாய், பூனை என்றால் இன்னும் கவனம். இன்சுலின் இங்கே ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு அடர்த்தியிலும் கிடைக்கிறது, சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. நூறு யூனிட் இன்சுலினை நாற்பதின் சிரிஞ்சில் பத்தாம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட் இல்லை, 25. சர்க்கரை இறங்கி நாய் மயங்கி விழுந்துவிடும். அதனால் பதிவேட்டில் ‘யூனிட்’ பக்கத்திலேயே ‘சிரிஞ்ச் மூடி நிறம்’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். எந்த விலைக்கு விற்கிற சாஃப்ட்வேரிலும் இந்தக் கட்டம் தானாக வராது. நாமே கட்டம் சேர்க்க விடுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிசம்பரோடு விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தபோதுதான் பெரிய அடி. ‘எல்லாத் தரவையும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று விளம்பரத்தில் இருந்தது. கிடைத்தது ஒரே ஒரு சிஎஸ்வி கோப்பு (வெறும் எழுத்தாலான பட்டியல்): வீட்டுக்காரர் பெயர், போன், நாய் பெயர், சில தேதி. தடுப்பூசி அட்டையின் படங்கள், நாள்வாரிக் குறிப்பு, போய் வந்த விவரம் எதுவும் அதில் இல்லை. படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து போனில் சேமித்தேன், இரண்டு ராத்திரி போனது. அந்தக் கோப்பை எக்ஸெலில் டபுள் கிளிக் செய்து திறந்தது அடுத்த தப்பு. தமிழில் எழுதிய குறிப்பெல்லாம் à®, à¯ போலக் கோணல் எழுத்தாக வந்தது. 91-இல் தொடங்குகிற பன்னிரண்டு இலக்கப் போன் எண் எல்லாம் 9.19 என்று தொடங்கிச் சுருங்கிவிட்டது. இரண்டு நாய்களுக்குத் தோலடி மைக்ரோசிப் உண்டு, அந்த எண் பதினைந்து இலக்கம், அதுவும் அப்படியே சுருங்கியது. பார்வைக்குச் சுருங்கினால் பரவாயில்லை, கட்டத்தை அகலப்படுத்தினால் வந்துவிடும் என்று நினைத்து, அதையே மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தேன். சேமிக்கும்போது எக்ஸெல் கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதும். அதோடு எண்கள் போயின. மூலக் கோப்பு மெயிலில் இருந்ததால் தப்பித்தேன்.

தேதிதான் எல்லாவற்றிலும் நயவஞ்சகம். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். நவம்பர் 5 என்பது 11/05/2023 என்று வரும். நம் கம்ப்யூட்டர் அதை மே 11 என்று எடுத்துக்கொள்ளும், ஒரு எச்சரிக்கையும் தராது. நவம்பர் 25 என்றால் 11/25/2023. இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பத்தியில் பாதி தவறான தேதி, பாதி தேதியே அல்லாதது. கண்டுபிடிக்கிற வழி எளிது: கட்டத்தின் வலது ஓரம் ஒட்டி நிற்பது தேதியாக மாறியது, இடது ஓரம் ஒட்டி நிற்பது மாறாதது. ஒரு பத்தியில் இரண்டும் கலந்து நின்றால் வலது ஓரத்தில் நிற்பதை நம்பாதீர்கள். சரியான முறை, காலி எக்ஸெலைத் திறந்து டேட்டா மெனு வழியாகக் கோப்பை இழுப்பது. அங்கே எழுத்து வகையில் 65001, அதாவது யூனிகோட் யூடிஎஃப்-8, தேர்ந்தெடுங்கள். போன், சிப் எண் பத்திகளை ‘டெக்ஸ்ட்’ என்றும், தேதிப் பத்தியை ‘மாதம்-நாள்-வருடம்’ என்றும் சொல்லிவிட்டு உள்ளே விடுங்கள். கூகுள் ஷீட்டில் இழுத்தால் தமிழ் கெடாது, ஆனால் எண்ணாக, தேதியாக மாற்றும் டிக்கை எடுத்துவிட வேண்டும்.

அந்த ஐந்து மாதத்துக்கு 10,800 போனது.

அதற்குப் பிறகு உள்ளூரில் ஒருவரிடம் தனியாகச் செய்யச் சொன்னேன். 20,000 பேசி 12,000 முன்பணம். இதை நீட்ட விருப்பமில்லை. ஒரே ஒரு லேப்டாப்பில் மட்டும் ஓடுகிற மாதிரி செய்து தந்தார், போனில் வராது, பில்லை பிடிஎஃப் எடுத்தால் ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். திருத்தக் கேட்டபோது வேறு வேலையில் சேர்ந்துவிட்டார். தனியாகச் செய்யக் கொடுப்பதாக இருந்தால் முன்பணம் கால் பங்கைத் தாண்டக் கூடாது. தரவு எந்தக் கோப்பில் இருக்கிறது, அதை அவர் இல்லாமல் எப்படித் திறப்பது என்பதை முதல் வாரமே உங்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கடைக்காரர்கள் வைத்திருக்கிற பில்லிங் ஆப், வருடத்துக்கு 3,200. பணத்துக்கு அது நல்லதுதான், யார் எவ்வளவு பாக்கி என்று பளிச்சென்று தெரியும். ஆனால் அதன் பார்வையில் நாய் ஒரு ‘பொருள்’, குளிப்பாட்டினால் ‘இருப்பு’ குறைகிறது. சிரிப்பு வரும், வேலைக்கு ஆகாது. ஒரு விஷயம் அதில் கவனிக்க வேண்டியது: பில் மாதிரியில் ஜிஎஸ்டி பத்தி தானாக இருக்கும். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்து பதிவு எடுக்காதவர்கள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு வெறும் பில்லாகக் கொடுங்கள். இன்னொன்று, ரொக்கத்தையும் யூபிஐ வரவையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். அனுமான வருமானத் திட்டத்தில் வரி கட்டுகிற சிறு தொழிலுக்கு வங்கி வழி வந்த வரவில் 6 சதவீதத்தையும் ரொக்கத்தில் 8 சதவீதத்தையும் குறைந்தபட்ச லாபமாக எடுப்பார்கள். கலந்து எழுதினால் மார்ச்சில் உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும்.

இப்போது ஓடுவது காசில்லாத ஏற்பாடு: கூகுள் ஷீட், கூகுள் காலண்டர், வாட்ஸப் பிசினஸ். மாதம் முப்பது நாய் வரை இது தாராளம். ஷீட்டில் முதல் தாள் வீட்டுக்காரர், இரண்டாவது விலங்கு, மூன்றாவது போய் வந்த நாள், நான்காவது பணம். ஒவ்வொரு விலங்குக்கும் தனி எண், நா-014, பூ-006 என்று. வீட்டுக்காரர் பெயரை வைத்து எழுதினால் ஒரே பெயரில் நான்கு பேர் வருவார்கள், நாய்களின் பெயரை வைத்து எழுதினால் பாதிக்குப் பாதி டாமியும் ஜூலியும்தான். விலங்குத் தாளில் ‘வகை’ என்பதைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலாக வைத்தேன்: நாய், பூனை, முயல், லவ் பேர்ட்ஸ், மீன். பச்சைக்கிளி அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கூண்டில் வளர்ப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம், பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டால் நாமும் மாட்டுவோம். எவ்வளவு தெரிந்தவர் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுவது நல்லது.

தடுப்பூசிக்கு போட்ட தேதியை மட்டும் எழுதினால் போதும். பக்கத்துக் கட்டத்தில் ஈடேட் என்ற ஃபார்முலாவில் 12 மாதம் கூட்டினால் அடுத்த தேதி தானே வரும், முப்பது நாளுக்குள் வந்தால் கட்டம் மஞ்சள், தாண்டினால் சிவப்பு ஆகும்படி நிறம் போடலாம். முப்பது நாள் ஏனென்றால், ஊசி போட்டதும் எதிர்ப்பு வந்துவிடாது, இரண்டு வாரமாவது வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் போட்டுக் கொண்டு வருகிற நாயை மற்ற நாய்களோடு விடுவதில் அர்த்தமில்லை. வெறிநாய் ஊசி ஒரு பத்தி, ஏழு நோய்க்கான கூட்டு ஊசி ஒரு பத்தி. எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு கூட்டு ஊசியில் வருகிறது, வயல் ஓரத்து வீடுகளில் மழைக்காலத்தில் அது முக்கியம். அட்டையின் படத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் தெரிய வேண்டும். வேலைக்கு வருகிற பையனைக் கடித்துவிட்டால், கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம். அங்கே முதலில் கேட்கிற கேள்விகளில் ஒன்று நாய்க்கு ஊசி போட்டதா என்பது. ‘போட்டதாகச் சொன்னார்கள்’ என்பது பதில் ஆகாது.

அட்டைப் படத்தை வீட்டுக்காரரே ஏற்றட்டும் என்று கூகுள் ஃபார்மில் கோப்பு ஏற்றும் கேள்வி வைத்தேன். அந்தக் கேள்வி இருந்தால் நிரப்புகிறவர் கூகுளில் லாகின் செய்தாக வேண்டும். வயதானவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். கேள்வியை எடுத்துவிட்டு, படம் மட்டும் வாட்ஸப்பில் வாங்கி நானே எண் போட்டுச் சேமிக்கிறேன். இலவசக் கணக்கின் 15 ஜிபியில் ஆண்ட்ராய்டு வாட்ஸப்பின் பேக்கப்பும் சேர்ந்துதான் கணக்கு. நாய் வீடியோ நிறைய எடுத்தால் மூன்று மாதத்தில் நிறையும், நிறைந்தால் மெயில்கூட வராது. தொழிலுக்குத் தனி மெயில் கணக்கு வைத்து, இரண்டடுக்குப் பூட்டு (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதியும் கேட்பது) போட்டு, வீடியோவை மாதம் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

காலண்டரில் ஒரு சின்னக் கூத்து. துபாயில் இருக்கிறவரோடு பகிர்ந்த காலண்டரில் காலை ஏழு மணி வேலை அவருக்கு ஐந்தரை என்று தெரிந்தது. “எண்ணே, இவ்ளோ வெளுப்பாங்காலம் எதுக்குப் பட்டியை எழுப்புறீங்க” என்று கேட்டார். அதிலிருந்து தலைப்பிலேயே ‘இந்திய நேரம் காலை 7’ என்று எழுதிவிடுகிறேன்.

தாக்கோல் பதிவேடு மட்டும் இந்த ஷீட்டில் இல்லை, தனிக் கோப்பு, என்னிடம் மட்டும். ஒரே கோப்புக்குள் தாளை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், பகிரப்பட்டவர் ஒரு நகல் எடுத்தால் மறைத்ததும் வந்துவிடும். தாக்கோல் வளையத்தில் எண் மட்டும் இருக்கும். பெயரோ வீட்டு எண்ணோ இருந்தால், தொலைகிற அன்று பூட்டிக் கிடக்கிற வீட்டின் முகவரியோடு சேர்ந்து தொலையும். வாங்கிய தேதி, எத்தனை தாக்கோல், திருப்பித் தந்த தேதி, இரண்டு பக்கக் கையெழுத்து. அந்தக் கையெழுத்துத் தாளிலேயே, ஆளைப் பிடிக்க முடியாமல் போனால் எத்தனை ரூபாய் வரை வைத்தியம் பார்க்கலாம், எந்த டாக்டர் என்பதும் எழுதி வாங்குகிறேன். 5,000 என்று பலரும் எழுதுகிறார்கள்.

குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் போனால் சிக்னல் கிடையாது. ஷீட்டை அந்தப் போனில் ‘ஆஃப்லைன்’ என்று முன்னாடியே டிக் செய்திருந்தால்தான் திறக்கும். எதுவும் திறக்காத நாளுக்கு, வேலை தொடங்குகிற அன்று ஒரு பக்கம் அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்த வீட்டுச் சமையலறையில் தொங்கவிடுகிறோம்: எண், சோறு எத்தனை கிராம், மருந்து மில்லிகிராமோடு, டாக்டர் போன். கொடுத்ததும் பேனாவால் மணி எழுதி டிக்.

இன்னொரு சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து எடுப்பதானால் இலவசமாகத் தருகிற பதினான்கு நாளையும் நான் இப்படித்தான் செலவழிப்பேன். முதல் நாளே சிக்கலான ஐந்து விலங்கை முழு விவரத்தோடு ஏற்றுவேன்: இரண்டு மருந்து சாப்பிடுகிறது, ஒரே வீட்டில் மூன்று, தமிழில் நீளக் குறிப்பு உள்ளது, சிப் எண் உள்ளது, 13-ஆம் தேதிக்குப் பிறகு ஊசி போட்டது. இரண்டாம் நாளே எல்லாவற்றையும் வெளியே இறக்கிப் பார்ப்பேன், ஐந்தும் படங்களோடு திரும்பி வருகிறதா என்று. போனை விமான நிலையில் போட்டு ஒரு வேலையைப் பதிந்து பார்ப்பேன். நம் பகல் பதினொரு மணிக்கு உதவி மையத்துக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பதில் வரும் நேரத்தைக் குறிப்பேன். கார்டு எண்ணை அதற்குப் பிறகுதான் கொடுப்பேன், அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும். வருடச் சந்தாவுக்கு இரண்டு மாதம் தள்ளுபடி என்பார்கள், வேண்டாம்.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி முழு ஷீட்டையும் எக்ஸெல் வடிவத்தில் இறக்கி, தேதியைப் பெயராகப் போட்டுப் பென் டிரைவில் வைக்கிறேன். சிஎஸ்வி வேண்டாம், அது ஒரு தாளை மட்டும்தான் எடுக்கும், ஃபார்முலாவும் போய்விடும். ஐந்து நிமிட வேலை. தீராமல் நிற்பது யூபிஐ ஒன்றுதான். யார் பெயரிலிருந்தோ, மச்சான் நம்பரிலிருந்தோ 1,800 வந்து விழும், எந்த நாய்க்கு என்று இருக்காது. அனுப்பும்போது குறிப்பில் நா-014 என்று போடச் சொல்கிறேன். பாதிப் பேர் ‘பட்டி’ என்று போடுகிறார்கள்.